லக்சரில் வீடு பிடித்து நைல் ஊர்களைச் சுற்றுவது எப்படி

சென்னையிலிருந்து எகிப்து கிளம்புகிறவர்களுக்கு டிராவல்ஸ்காரர்கள் விற்பது பெரும்பாலும் ஒரே திட்டம்தான். கெய்ரோவில் இரண்டு இரவு, அப்புறம் லக்சரிலிருந்து அஸ்வான் வரை கப்பலில் மூன்றோ நான்கோ இரவு. கப்பல் சுகமானதுதான். ஆனால் எல்லாக் கப்பல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே கோயிலில் ஆட்களை இறக்கிவிடும். முட்டி வலியோடு வரும் பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைவச் சாப்பாடு என்று மூன்றும் சேர்ந்த குடும்பத்துக்கு லக்சரில் ஒரு வீட்டை ஏழெட்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே வடக்கும் தெற்கும் போய்வருவதுதான் தோது. கூட்டம் சேருமுன் போகலாம், இல்லையென்றால் கலைந்த பிறகு போகலாம். உடம்புக்கு முடியாத அன்று யாராவது ஒருவர் வீட்டிலேயே படுத்திருக்கலாம், மற்றவர்களின் பயணம் கெடாது.

எந்தக் கரையில் வீடு?

லக்சர் நைலின் இரு கரைகளிலும் பரவிய ஊர். விமான நிலையம், ரயில் நிலையம், கடைத்தெரு, கர்னக் கோயில், லக்சர் கோயில் எல்லாம் கிழக்குக் கரையில். மேற்குக் கரையில் கரும்பு வயல்கள், கிராமங்கள், அதற்கப்பால் வறண்ட மலை. அந்த மலைக்குள்தான் பழைய எகிப்து அரசர்களின் கல்லறைகள் உள்ள அரசர் பள்ளத்தாக்கு இருக்கிறது. வீடு எடுப்பதென்றால் மேற்குக் கரையில் எடுங்கள். அமைதி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காலை 6 மணிக்குக் கல்லறைகள் திறக்கும்போது வாசலில் நிற்க முடியும் என்பது. கிழக்குக் கரை ஹோட்டல்களிலிருந்து கிளம்பும் பஸ்கள் பாலம் சுற்றி வந்து சேர்வதற்குள் நீங்கள் இரண்டு கல்லறைகளைப் பார்த்து முடித்திருப்பீர்கள்.

மேற்குக் கரைக்குள்ளேயே இடம் பார்த்து எடுக்க வேண்டும். பாலம் நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காரில் கரை மாற முக்கால் மணி நேரம் போய்விடும். லக்சர் கோயிலுக்கு எதிரேயிருந்து கெஸிரா துறைக்கு வரும் ஊர்க்காரர்களின் பெரிய படகில் பத்து நிமிடம் போதும், கட்டணமும் மிகக் குறைவு. அதனால் படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில், அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடைக்குள், கெஸிரா அல்லது ரம்லா பகுதியில் வீடு கிடைத்தால் விடாதீர்கள். மலையடிவாரத்தில் இருக்கும் வீடுகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு பாக்கெட் பால் வாங்கக்கூட வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.

எந்த மாதம்?

மே மாத விடுமுறைக்கு இந்த ஊரை நினைக்கவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நிழல் இல்லாத கோயில் முற்றங்களில் பெரியவர்கள் நிற்க முடியாது. மார்ச் முதல் மே வரை கம்சீன் என்கிற புழுதிக்காற்று வேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கான காலம். அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தோடு வந்து மோதும், வீட்டு வாடகையும் ஏறியிருக்கும். பொங்கலையொட்டிய வாரம் அதைவிட நல்லது. ஜனவரிக் கடைசியில் எகிப்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் உள்நாட்டுக் கூட்டம் வரத் தொடங்கும், அதற்குள் பார்த்துவிடலாம். ரமலான் தேதியையும் பாருங்கள். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும், 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கும். அந்த மாதத்தில் கோயில்களைச் சீக்கிரம் மூடுவார்கள், பகலில் உணவுக்கடைகள் பல திறக்காது.

ஜனவரியில் பகல் 22, 23 டிகிரி. ராத்திரி 6, 7 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னை உடம்புக்கு இது கடுங்குளிர். ஸ்வெட்டர், காலுறை, பெரியவர்களுக்குக் குல்லா கண்டிப்பாக எடுத்துச் செல்ல வேண்டும். காற்றில் ஈரமே இல்லாததால் உதடும் மூக்கின் உட்புறமும் வெடிக்கும். வாஸ்லின் ஒரு டப்பா போதும்.

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

படம் பார்த்துப் பணம் கட்டுமுன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்குக் கரை வீடுகள் பெரும்பாலும் மூன்று நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. நைல் தெரிகிற வீடு என்றால் அது மேல்மாடி என்று அர்த்தம். பெரியவர்கள் வந்தால் தரைத்தளத்தைக் கேளுங்கள், மொட்டை மாடியைப் பொதுவில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குவிமாடக் கூரையும் மண்கல் (சுடாத செங்கல்) சுவருமாகச் சில வீடுகள் இருக்கும். 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் இதே மேற்குக் கரையில் புதிய குர்னா கிராமத்தை மண்கல்லால் கட்டினார். அந்தப் பாணியைப் பார்த்துக் கட்டியவை இவை. தடித்த மண்சுவர் வெயிலை உள்ளே விடத் தாமதிக்கும் என்பதால் அக்டோபர், நவம்பரில் இவைதான் உகந்தவை. ஜனவரியில் எந்த வீடானாலும் குளிரும். ஏசி சூடும் தருமா என்று கேளுங்கள், தராதென்றால் ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டுமென்று சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் பல வீடுகளில் முன்கட்டண மீட்டரில் ஓடுகிறது. ஒரு கார்டில் பணம் ஏற்றி மீட்டரில் செருக வேண்டும். கார்டு யாரிடம் இருக்கும், பணம் யார் கட்டுவது, தீர்ந்தால் ராத்திரியில் யாரை அழைப்பது என்பதைப் பேசிவிடுங்கள். தொடர்ந்து கீசரும் ஏசியும் ஓடினால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீரும். தீர்ந்த நொடியில் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிடும் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. வைஃபைக்கும் மாத அளவு உண்டு. முந்தைய வாடகைதாரர் படம் பார்த்தே அளவைத் தீர்த்துவிட்டுப் போயிருந்தால் உங்களுக்கு ஆமை வேகம்தான் கிடைக்கும். அதனால் விமான நிலையத்திலேயே ஆளுக்கில்லாவிட்டாலும் குடும்பத்துக்கு ஒரு சிம் வாங்குவது நல்லது.

அடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வீடுகளில் சிலிண்டர் கேஸ்தான் பெரும்பாலும் இருக்கும். ரெகுலேட்டர் நம் ஊர்ச் சிலிண்டரில் போல அழுத்திப் பொருத்துகிற வகை அல்ல, ஸ்பானர் போட்டு இறுக்குகிற வகை. இடையில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கேஸ் கசியும். வீட்டில் நுழைந்த அன்றே, வீட்டுக்காரர் இருக்கும்போதே, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ரெகுலேட்டர் மூட்டிலும் குழாயின் இரண்டு முனைகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். குழாய் விறைத்துப் போயிருந்தால் அதையும் மாற்றச் சொல்லத் தயங்க வேண்டாம். மாற்றுச் சிலிண்டர் வீட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், சிலிண்டரை இரும்பால் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு தெருவில் வரும் வண்டிக்காரரை நிறுத்தி வாங்க வேண்டும். அவர் வருகிற நேரம் அவருக்குத்தான் தெரியும். கீசரும் கேஸில் ஓடுவதாக இருந்து, அது ஜன்னலில்லாத குளியலறைக்குள் மாட்டியிருந்தால், அந்த வீடே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வீட்டுக்காரர் எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் கேட்பார். வெளிநாட்டவர் தங்குவதைப் போலீசில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான், பயப்பட ஒன்றுமில்லை. நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுத்து வைக்காதீர்கள்.

சென்னையில் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசாவை ஊரிலிருந்தே முடித்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறுகின்றன என்பதால் டெல்லியிலுள்ள எகிப்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்து, கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது. ஹோட்டல் புக்கிங் தாளுக்குப் பதிலாக வீட்டுக்காரரிடமிருந்து முகவரி, தேதிகள், தங்குபவர்களின் பெயர்கள், கையெழுத்து எல்லாம் உள்ள கடிதத்தை வாங்கி வையுங்கள்.

விமானம் பெரும்பாலும் வளைகுடா வழியாகக் கெய்ரோ, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லக்சர். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுக்க முடிந்தால் எடுங்கள், பெட்டியும் நேரே வரும். தனித்தனியாக எடுத்தால் கெய்ரோவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுத்தல், டெர்மினல் மாறுதல் என்று மூன்று வேலை இருக்கிறது. எகிப்து ஏரின் உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 3இலிருந்து கிளம்பும், நீங்கள் வந்திறங்குவது வேறு டெர்மினலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பணம் இரண்டு வடிவில் வேண்டும். முக்கியமான தொல்லியல் இடங்களின் டிக்கெட் கவுன்டர்களில் இப்போது கார்டுதான் வாங்குகிறார்கள், ரொக்கம் செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு உள்ள ஃபாரக்ஸ் கார்டு ஒன்றும், மாற்றுக்கு வேறு வங்கியின் கார்டு ஒன்றும் இருக்கட்டும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைக்க மறந்து, வாசலில் கார்டு மறுக்கப்பட்டுத் தவிப்பவர்கள் உண்டு. ரூபேயை நம்பிப் போக வேண்டாம். ரொக்கமாகக் கசங்காத, கிறுக்கலில்லாத டாலர் நோட்டுகள் எடுத்துச் செல்லுங்கள், ரூபாயை லக்சரில் மாற்றுவது நடக்காத காரியம். அங்கே போனதும் மாற்றிய பணத்தில் கொஞ்சத்தை 5, 10, 20 பவுண்டு நோட்டுகளாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். படகு, கழிப்பறை, கோயில் காவலருக்கு இனாமாகக் கொடுக்கும் பக்‌ஷீஷ் என்று எல்லாமே அதில்தான் ஓடும். பெரிய நோட்டை நீட்டினால் மீதி வராது.

மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் சாதனங்கள் அப்படியே ஓடும். செல்போன் சார்ஜரின் இரண்டு முனைகள் அங்குள்ள சாக்கெட்டில் நுழையும். மிக்ஸியின் மூன்று முனை பிளக் நுழையாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐரோப்பிய சாக்கெட்டுக்கான அடாப்டர் கேட்டு வாங்குங்கள், அதில் 10 ஆம்பியராவது எழுதியிருக்க வேண்டும். செல்போனுக்கான லேசான அடாப்டரில் மிக்ஸியை ஓட்டினால் அடாப்டர் உருகும்.

மூன்று பொருட்களைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்று கசகசா. அமீரகம் வழியாகப் போகிறவர்களுக்கு அது போதைப்பொருள் வழக்கு, வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் அதே கதிதான். இரண்டு, ட்ராமடால் சேர்ந்த வலி மாத்திரை. எகிப்தில் அதற்காக வெளிநாட்டவர் சிறைக்கே போயிருக்கிறார்கள். மூன்று, ட்ரோன், அதை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள். மற்ற மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள்.

சமையல்

நாலு பெரியவர்களுக்கு எட்டு நாளுக்கு இவ்வளவு எடுத்துச் சென்றால் போதும்: துவரம்பருப்பு 1 கிலோ, சாம்பார்பொடி 200 கிராம், ரசப்பொடி 100 கிராம், புளி 250 கிராம், மிளகாய் வற்றல் 100 கிராம், பெருங்காயம் ஒரு டப்பா, கடுகு, உளுத்தம்பருப்பு, நிழலில் காயவைத்த கறிவேப்பிலை. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அது பெரிய பெட்டியில் போக வேண்டும். அரிசி, பாசிப்பருப்பு என்று சுமந்து போக வேண்டாம்.

அங்கே கிடைக்கிற ஊர் அரிசி குட்டையானது, வெந்தால் ஒட்டும். சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் மிக நன்றாக இருக்கும். உதிரியாக வேண்டுமென்றால் கிழக்குக் கரை சூப்பர் மார்க்கெட்டில் பாஸ்மதி வாங்குங்கள். மைசூர் பருப்பு எல்லா மளிகைக்கடையிலும் உண்டு, குக்கரே இல்லாமல் இருபது நிமிடத்தில் குழையும். துவரம்பருப்பு பாதி, அது பாதி என்று போட்டால் கையிருப்பு நீளும். மெல்லிய சேமியா, ரவை, எருமை நெய், தக்காளி, கத்தரிக்காய், சின்னச் சின்ன வெண்டைக்காய், கொத்தமல்லி, புதினா, எலுமிச்சை எல்லாம் தாராளம். சேமியா உப்புமா இந்த ஊருக்கென்றே வந்த காலை உணவு. தயிர், ஸபாதி என்ற பெயரில் சின்னக் கப்களில் வரும். ஜனவரி ராத்திரியில் பாலை உறையூற்றினால் காலையில் பாலாகவே இருக்கும், அதனால் கப்பையே வாங்குங்கள்.

வெளியே சாப்பிடும்போது ‘சியாமி’ என்று கேளுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்கள் விரத நாட்களில் சாப்பிடும் இறைச்சி, பால், முட்டை இல்லாத சாப்பாட்டுக்கு அதுதான் பெயர், மேல் எகிப்து எனப்படும் இந்தத் தென்பகுதியில் கடைக்காரர்கள் எல்லோருக்கும் புரியும். சில விரதங்களில் மீன் அனுமதி உண்டு என்பதால் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம் எல்லாம் கலந்த குஷரி முழுச் சைவம். முலுக்கியா கீரை சைவம் போலத் தோன்றும், பெரும்பாலும் கோழிச்சாற்றில் செய்திருப்பார்கள். காலையில் சூடாக ஃபூல், தாமீயா இரண்டும் கிடைக்கும். இரண்டுமே ஃபாவா பயறில் செய்பவை. குடும்பத்தில் ஜி6பிடி குறைபாடு உள்ளவர் யாராவது இருந்தால் அவர் இவற்றைத் தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ஆஸ்பத்திரி வரை போய்விடும்.

லக்சர் பக்கத்துக்கே உரிய ஒரு ரொட்டி உண்டு, அய்ஷ் ஷம்சி. மாவை உருட்டி வட்டத் தட்டுகளில் வைத்து வெயிலில் காயவிடுவார்கள், அந்தச் சூட்டிலேயே பொங்கும், பிறகு மண் அடுப்பில் சுடுவார்கள். மேலே தடித்த பொறுக்கு, உள்ளே பஞ்சு. வீட்டுக்காரரிடம் சொன்னால் பக்கத்து வீட்டிலிருந்தே வாங்கித் தருவார்கள். காரக்குழம்புக்கு இதைவிட நல்ல துணை அங்கே கிடைக்காது.

பொங்கலன்று அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. மேல் எகிப்து கரும்பு பூமி. லக்சருக்குத் தெற்கே அர்மந்த், வடக்கே கூஸ், இன்னும் எட்ஃபூ, கோம் ஓம்போ என்று சர்க்கரை ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஜனவரியில் வெட்டு நடக்கும். வயலோரத்தில் கேட்டால் முழுக் கரும்பே கிடைக்கும். வெல்லம் மட்டும் அரை கிலோ ஊரிலிருந்து கொண்டுபோங்கள். மஞ்சள் கொத்துக்கு வழியில்லை.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமையலுக்குக் கொதிக்கவைத்தால் போதும். கிளையாறு, வாய்க்கால், நைலின் ஓரம் எதிலும் காலை நனைக்காதீர்கள். தேங்கிய, மெதுவாக ஓடும் நீரிலுள்ள நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோல் வழியே உடம்புக்குள் போய்விடும்.

அரசர் பள்ளத்தாக்கு: எந்த மூன்று?

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். எவை திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு நான்காம் ராம்சேஸும் (எண் 2), ஒன்பதாம் ராம்சேஸும் (எண் 6) ஏற்றவை. வாசலுக்குப் பக்கத்தில், சரிவும் மெதுவானது. மூன்றாம் துத்மோஸின் கல்லறைக்குச் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி, பிறகு உள்ளே ஆழத்துக்கு இறங்க வேண்டும். இளைஞர்கள் மட்டும் போகலாம். துட்டன்காமன் கல்லறை 1922இல் கண்டுபிடித்தபோது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அறை சின்னது, பொக்கிஷம் பெரும்பாலும் கெய்ரோவை ஒட்டிய கீசாவில் இருக்கிறது. அவருடைய உடல் மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை இல்லாதவர்கள் அந்தப் பணத்தை ஆறாம் ராம்சேஸுக்குக் கொடுக்கலாம். அங்கே கூரை முழுக்க வான தேவதை நூத் இரண்டு உருவமாக நீண்டு கிடக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கி விடியலில் பெற்றெடுப்பவள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கத் தகுந்தது அது.

ஹட்ஷெப்சூத் கோயிலுக்கும் பள்ளத்தாக்குக்கும் அந்தந்த வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். மெதினெத் ஹாபு கோயில், டெய்ர் எல்-மெதினா, பிரபுக்கள் கல்லறைகள் போன்றவற்றுக்கு, இணையத்தில் வாங்காவிட்டால், மெம்னோன் சிலைகளைத் தாண்டியதும் சந்திப்பிலிருக்கும் அலுவலகத்தில் முன்பே வாங்க வேண்டும். நேரே வாசலுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அரசர் கல்லறைகளைத் தோண்டி வரைந்த தொழிலாளர்களின் ஊர் டெய்ர் எல்-மெதினா. அங்கே அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட சின்னக் கல்லறைகளில் மஞ்சளும் நீலமும் நேற்று பூசியது போல நிற்கின்றன. கூட்டம் குறைவு. நேரமில்லை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள், வேறு எதை வேண்டுமானாலும் தள்ளுங்கள்.

சுற்று ஊர்கள்

கார் பேசும்போது ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் வண்டிக்கு இவ்வளவு என்று எகிப்துப் பவுண்டில் பேசுங்கள். எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரம் காத்திருப்பு, பார்க்கிங் யார் கட்டுவது, வழியில் நினைவுப்பொருள் கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் கிளம்புமுன் முடிக்க வேண்டும். சாலையில் போலீஸ் சோதனைச் சாவடிகள் உண்டு, அசல் பாஸ்போர்ட் கையிலிருக்கட்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஊர்கள் அடைத்துக் கிடக்கும், நீண்ட பயணத்துக்கு அந்த நாளைத் தவிருங்கள்.

முதலில் எஸ்னா. தெற்கே 60 கிலோமீட்டருக்குள், நம்மூரிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம். க்னூம் என்ற தெய்வத்தின் கோயில் கடைத்தெரு நடுவே, இன்றைய தெருமட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் கீழே ஒரு பள்ளத்தில் நிற்கிறது. ஊர் அதன்மேல் நூற்றாண்டு நூற்றாண்டாக மண்மேடிட்டு உயர்ந்ததுதான் காரணம். மிஞ்சியது 24 தூண்கள் கொண்ட ஒரு மண்டபம் மட்டும். கரிப்படலத்தை எகிப்து, ஜெர்மன் வல்லுநர்கள் அண்மை ஆண்டுகளில் துடைத்தெடுத்ததும், அடியில் யாரும் எதிர்பார்க்காத அளவு வண்ணம் வெளிவந்தது. தூண்களின் உச்சிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் வேறு செடி, ஒன்றில் பேரீச்சை, இன்னொன்றில் பாப்பிரஸ் நாணல். கூரையின் வான மண்டலப் படங்களைப் பார்க்க ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் உதவும். ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலையம் கிழக்குக் கரையில், ஊரும் கோயிலும் மேற்கில், துக்துக் பிடித்து ஆற்றைக் கடக்க வேண்டும். அந்தத் துக்துக் நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோதான்.

எஸ்னாவோடு எட்ஃபூவையும் ஒரே நாளில் முடிக்கலாம், அது லக்சரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடிந்த ஹோரஸ் கோயில் எகிப்தில் கூரையோடு முழுசாக நிற்பவற்றில் முதன்மையானது. முன்கோபுரம் 36 மீட்டர். கப்பல் பயணிகள் அதிகாலையிலேயே குதிரை வண்டிகளில் வந்து நிறைவார்கள். எனவே காலையில் எஸ்னாவை நிதானமாகப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குமேல் எட்ஃபூ போனால் நடக்க இடமிருக்கும். பலர் எட்ஃபூவுக்கு முதலில் ஓடி அந்த நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வடக்கே தெந்தெரா, கேனா நகரத்துக்கு எதிர்க்கரையில், 60 கிலோமீட்டர் சொச்சம். ஹாதோர் கோயிலின் கூரை நீலம் ஒன்றுக்காகவே இந்த ஊருக்குப் போகலாம். மாடிப்படி வழியே மேலே ஏறினால் சிறு அறையொன்றின் கூரையில் ராசி மண்டலம். அங்கிருப்பது பிரதி. அசலை 1821இல் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது பாரிஸ் லூவரில் இருக்கிறது. நிலவறைகளுக்குத் தவழ்ந்து இறங்க வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். பின்சுவரில் கிளியோபாத்ராவும் மகன் சிசேரியனும் நிற்கிற பெரிய சிற்பம் உண்டு, சுற்றிப் போகாமல் திரும்பிவிடுபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

தெந்தெராவோடு அபிடோஸையும் சேர்ப்பதென்றால் காலை 6 மணிக்குக் கிளம்பி, தொலைவிலுள்ள அபிடோஸை முதலில் பாருங்கள், சுமார் 160 கிலோமீட்டர். சேத்தியின் கோயிலில் 76 அரசர்களின் பெயர்ப் பட்டியல் செதுக்கிய சுவர் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகள் அங்கே அவ்வளவாக இல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், அது வெயில் தாங்கும்.

வடக்கே கிழக்குக் கரைச் சாலையில் போனால் லக்சரிலிருந்து 40 கிலோமீட்டர் தாண்டியதும் குஃப்த் வரும். பார்ப்பதற்குச் சாதாரண ஊர். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதை அறிந்து கடக்க வேண்டும். ரோமானியர் காலத்தில் நம் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய மிளகு, செங்கடலோரத்து பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் துறைகளில் இறங்கி, ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து இந்த ஊரில்தான் நைலைத் தொட்டது. அப்போது இதன் பெயர் கொப்டோஸ். இங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குஸெய்ர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன, ஒன்றில் சாதன் என்றும் இன்னொன்றில் கணன் என்றும் பெயர். பெரெனிகே கோயிலில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு இதைக் காரில் போகும்போதே சொல்லிவிட்டால் சாலையின் வலப்புறம் விரியும் பாலைவனத்தை அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கோம் ஓம்போவையும் அஸ்வானையும் ஒரே நாளில் போய்வர முயல வேண்டாம். ரயிலில் மூன்று மணி நேரத்தில் அஸ்வான் போய் ஓரிரவு தங்கிவிட்டு, திரும்பும்போது காரில் கோம் ஓம்போ கோயிலை மதியத்துக்குள் பாருங்கள். கப்பல்கள் அங்கே சாயங்காலம்தான் குவியும். முதலை மம்மிகளின் அருங்காட்சியகத்துக்கும் அதே டிக்கெட் செல்லும்.

கிளம்பும் நாள்

முதல் நாள் மாலையே மீட்டர் கார்டு, சாவி, முன்பணக் கணக்கு மூன்றையும் வீட்டுக்காரரோடு முடித்துவிடுங்கள். பெட்டிகளோடு படகில் ஏறி இறங்குவது சிரமம். பாலம் வழியாக விமான நிலையத்துக்குக் காரை முன்பே சொல்லிவையுங்கள், விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன் வீட்டை விட்டு இறங்குவது சரியாக இருக்கும். மலையடிவாரத்தில் பொறுக்கிய ஓட்டுச் சில்லு, யாரோ ரகசியமாக விற்ற ‘பழைய’ பொம்மை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி தொன்மைப் பொருளை வெளியே எடுத்துச் செல்வது குற்றம். கடையில் வாங்கிய அலபாஸ்டர் கிண்ணமானால் ரசீதை அதனுடனேயே வையுங்கள், ஸ்கேனரில் கல் தெரிந்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.